ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் இறங்கி ஒரு கிலோமீட்டர் நடந்தால் எங்கள் பெரியம்மா வீடு. பழைய ஓட்டு வீடு ஒன்று, அதை ஒட்டிப் பிற்பாடு கட்டிய தளம் போட்ட அறை ஒன்று, பின்னால் மாந்தோப்பு. போன சித்திரையில் பெங்களூரில் பஸ் ஏறியபோது என் மடியில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஆடியோ இன்டர்ஃபேஸ். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கிறவர்கள் மைக்குக்கும் கணினிக்கும் நடுவே வைக்கும் கருவி.

பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் மாரடித்துப் பாட முதலில் அவரைத்தான் தேடுவார்கள். நடவுப் பாட்டும் தாலாட்டும் கணக்கில்லாமல் தெரியும். இதுவரை செல்போனில் எடுத்ததெல்லாம் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலத்தான் வந்தது. ஒரு தடவையாவது ஒழுங்காக எடுத்துவிடலாம் என்றுதான் இந்தச் செலவு.

பெட்டியைப் பிரித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய உலோகக் கருவி, ஒரு யுஎஸ்பி கம்பி, யாரும் படிக்காத தாள், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம். முன்பக்கம் இரண்டு துளை, மூன்று திருகு, ‘48வி’ என்று எழுதிய ஒரு பொத்தான். “இத்துனூண்டுக்கா கண்ணு அவ்ளோ காசு?” என்றார் பெரியம்மா. நியாயமான கேள்வி. இந்த அத்தியாயம் முழுக்க அதற்கான பதில்தான்.

காற்று நம்மை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. கடல் மட்டத்தில் அந்த அழுத்தம் 1,01,325 பாஸ்கல். ஒருவர் உங்கள் எதிரே ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகப் பேசும்போது அந்த அழுத்தம் மேலும் கீழும் அசைவது சுமார் 0.02 பாஸ்கல். வகுத்துப் பாருங்கள். ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. பேச்சு, பாட்டு, வசவு, கொஞ்சல் எல்லாமே காற்றின் இந்தச் சிறு நடுக்கத்துக்குள் அடங்கிவிடுகின்றன. காது இதைப் பிடித்துவிடுகிறது என்பதே பெரிய விஷயம். ஒரு கருவியைப் பிடிக்கவைப்பது அதைவிடப் பெரிய பாடு.

1902 நவம்பரில் லண்டன் கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பாடகி கவ்ஹர் ஜானைப் பதிவு செய்தபோது மைக்கும் இல்லை, மின்சாரத்துக்கு வேலையும் இல்லை. ஒரு தகரக் கூம்பின் வாயருகே முகத்தை வைத்துப் பாட வேண்டும். குரல் தள்ளும் காற்றே சவ்வை அசைத்து, சவ்வு ஊசியை அசைத்து, ஊசி மெழுகில் கோடு கிழிக்க வேண்டும். பாடுகிறவரின் உடல் பலம் தவிர ஊசியை அசைக்க வேறு சக்தியே அந்தக் கருவியில் கிடையாது. தாழ்ந்த குரலில் பாடுகிறவர்கள் அந்தக் கூம்புக்குள் காணாமல் போனார்கள். மைக் வைத்து மின்சாரத்தால் பதியும் முறை 1925-ல்தான் வந்தது.

மைக்கின் வேலை அந்த அழுத்த நடுக்கத்தை மின்னழுத்த நடுக்கமாக மாற்றுவது. எங்கள் ஊர் மைக் செட்காரர்கள் கையிலிருக்கும் ரகம் ‘டைனமிக்’: சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம். அவ்வளவுதான். 1966-ல் வெளிவந்து இன்னும் உலகமெங்கும் மேடையில் நிற்கும் ஷூர் எஸ்எம்58 இந்த ரகம். ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு அது தருவது இரண்டு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஒரு சாண் தள்ளி இருந்து பேசினால் கிடைப்பது தோராயமாக 0.2 மில்லிவோல்ட். டார்ச் லைட் பேட்டரியின் அழுத்தத்தில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. இதை ஆயிரம் மடங்கு பெருக்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு உதவும். இன்டர்ஃபேஸின் முதல் வேலை இந்தப் பெருக்கல். முன்பக்கத் திருகுகளில் ‘கெயின்’ என்று எழுதியிருப்பது இதற்குத்தான்.

பெருக்கும்போது ஒரு சங்கடம். நல்லதும் பெருகும், கெட்டதும் பெருகும். மைக்கிலிருந்து வரும் கம்பி பத்தடி நீளம். அது ஓர் ஆன்டெனா. பக்கத்தில் ஓடும் வீட்டு வயரிங், மின்விசிறி, செல்போன் எல்லாவற்றின் மின்புலமும் அதில் ஏறும். ஆகவே நல்ல மைக் கம்பிக்குள் ஒன்றுக்குப் பதில் இரண்டு கம்பிகள் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றில் குரல் நேராக, மற்றதில் தலைகீழாக. வெளியிலிருந்து ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் அடிபட்டுப் போகிறது, குரல் இரட்டிப்பாகிறது. எட்டாம் வகுப்பு இயற்கணிதம். அதை ஒரு கம்பியாக முறுக்கி வைத்திருக்கிறார்கள். இதற்கான மூன்று ஊசி இணைப்பை நம் மைக் செட்காரர்கள் ‘கேனன்’ என்பார்கள். அதைச் செய்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் அது. உலகம் எக்ஸ்எல்ஆர் என்று மாற்றிக்கொண்டாலும் தருமபுரி கடைவீதியில் கேனன் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

அந்த 48வி பொத்தானுக்கு ஒரு கதை உண்டு. ‘கண்டென்சர்’ ரக மைக் டைனமிக்கைவிடப் பத்து மடங்கு கூர்மையானது, ஆனால் உள்ளே இருக்கும் சின்னப் பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். 1966-ல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் ஒரு மைக்கைச் செய்தபோது, குரல் வரும் அதே கம்பியிலேயே மின்சாரத்தையும் திருப்பி அனுப்பலாம் என்று முடிவானது. எத்தனை வோல்ட்? அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் லைன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். குளிர்கால இருட்டுக்கு அஞ்சி நார்வேக்காரர்கள் மாட்டிவைத்த விளக்கின் வோல்டேஜ்தான் இன்று உலகத் தரம். இரண்டு கம்பியிலும் ஒரே அளவு 48 வோல்ட் நிற்பதால் கழித்தலில் அதுவும் காணாமல் போகிறது. அதனால்தான் அதற்கு ‘ஃபேன்டம்’, அதாவது பேய் மின்சாரம் என்று பெயர். யுஎஸ்பி தருவதோ 5 வோல்ட். அதை 48 ஆக ஏற்றும் சுற்றும் அந்த இத்துனூண்டு டப்பாவுக்குள்தான் இருக்கிறது.

பெருக்கிய குரலை இனி எண்ணாக்க வேண்டும். நொடிக்கு 48,000 தடவை மின்னழுத்தத்தை அளந்து எழுதிக்கொள்கிறது கருவி. ஏன் அத்தனை? காது கேட்பது அதிகபட்சம் 20,000 அதிர்வு. ஓர் அலையை மீட்டெடுக்க அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்ற விதிக்கான அடித்தளத்தை ஹாரி நைக்விஸ்ட் 1928-ல் தந்திக் கம்பிகளை ஆராய்ந்தபோது போட்டார். கிளாட் ஷேனன் 1949-ல் அதை முழுமையாக நிறுவினார். குறைவாக அளந்தால் என்ன ஆகும் என்பதை நாம் எல்லோரும் டூரிங் டாக்கீஸில் பார்த்திருக்கிறோம். எம்ஜிஆர் ஓட்டும் குதிரை வண்டி முன்னால் பாயும், சக்கரம் மட்டும் பின்னால் சுற்றும். நொடிக்கு 24 படம் அந்தச் சக்கரத்துக்குப் போதவில்லை. ஒலியிலும் அதே மோசடி நடக்கும். 30,000 அதிர்வுள்ள வௌவால் கீச்சு 18,000 ஆக வேடம் போட்டுக்கொண்டு உள்ளே வரும். அதனால் அளப்பதற்கு முன்பே உயர் அதிர்வுகளை வடிகட்டி நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டு வீட்டில் வௌவால் உண்டு என்பதால் எனக்கு இது வெறும் உதாரணம் அல்ல.

சிடியில் வரும் 44,100 என்ற விநோத எண்ணும் கணித ஞானத்தால் வந்ததல்ல. எழுபதுகளில் எண் வடிவ ஒலியைச் சேர்த்துவைக்க வீடியோ டேப்தான் கிடைத்தது. நொடிக்கு 60 காட்சிப் புலம், ஒவ்வொன்றிலும் 245 வரி, வரிக்கு 3 எண். பெருக்கினால் 44,100. ஐரோப்பிய டிவி முறையில் 50, 294, 3. அதே விடை. அவசர விளக்கு, வீடியோ டேப் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தவர்கள் வகுத்தவைதான் இந்தத் துறையின் தரநிலைகளில் பல.

நைக்விஸ்ட் அதே 1928-ல் இன்னொரு கட்டுரையும் எழுதினார். எந்தக் கம்பியிலும், சும்மா கிடந்தாலும், வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் துள்ளுவதால் ஓர் இரைச்சல் இருந்தே தீரும் என்று ஜான்சன் என்ற இயற்பியலாளர் அளந்ததற்கு இவர் கணக்குச் சொன்னார். மைக்கின் 150 ஓம் சுருளில் அது கால் மைக்ரோவோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு. எத்தனை லட்சம் கொட்டினாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. நல்ல இன்டர்ஃபேஸ்கள் இன்று இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் இது கனவு. ஏ. ஆர். ரகுமான் சென்னையில் தன் வீட்டுக் கொல்லையில் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கியபோது, வீட்டில் ஒலிப்பதிவுக் கூடம் வைப்பது அதற்கென்றே ஓர் அறையையும் பெரும் பணத்தையும் விழுங்கும் காரியம். இன்று அது பஸ்ஸில் மடியில் வருகிறது.

டிரைவர் மென்பொருளைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மைக்கை மாட்டி, கெயினை ஏற்றி, ஹெட்போனைக் காதில் வைத்தேன்.

உர்ர்ர் என்றது.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அந்த 50-ம் அதன் மடங்குகளும் ஒலியாகக் கேட்டால் ‘ஹம்’. கழித்தல் வித்தையால் போகாத ஹம். லேப்டாப்பின் உலோக விளிம்பைத் தொட்டேன். சுர்ரென்றது. அந்தக் கணமே ஹெட்போனில் உறுமல் குறைந்தது. கையை எடுத்ததும் மறுபடி. புரிந்துவிட்டது: வீட்டில் எர்த் இல்லை. சாக்கெட்டில் மூன்று துளை அழகாக இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே கிடையாது. சார்ஜருக்குள் இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் சிறு மின்தேக்கிகள் 230 வோல்ட்டின் இரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. எர்த் இல்லாவிட்டால் அந்த நடுப்புள்ளி அந்தரத்தில் தொங்கும், கிட்டத்தட்ட பாதி அழுத்தத்தில், அதாவது 115 வோல்ட்டில். மின்னோட்டம் மில்லி ஆம்பியருக்கும் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, சுர்ரென்று சொல்லிவிட்டுப் போகும். ஆனால் அந்த 115 வோல்ட் லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாக இன்டர்ஃபேஸின் உடலுக்கு வருகிறது. நான் தேடுவதோ 0.2 மில்லிவோல்ட்.

பக்கத்துத் தெரு வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நம்ம பக்கம் எர்த்து நிக்காது தம்பி, அடியில பூரா கல்லு” என்றார். சோம்பேறித்தனத்துக்குச் சொன்ன சாக்கு என்று நினைத்தேன். பாதி உண்மை. தருமபுரி மாவட்டத்தின் அடியில் கிடப்பது நைஸ், சார்னோக்கைட் வகைக் கடும்பாறை. ஈர மண்ணில் மின்தடை எண் சில பத்து ஓம்-மீட்டர் என்றால், ஈரமில்லாத பாறையில் ஆயிரக்கணக்கில். மண் தோல் மெல்லியது, வெயிலில் அதுவும் காய்ந்துவிடும். ஒரு கம்பியை அடித்துவிட்டு எர்த் என்று பெயர் வைத்தால் அது வெறும் கம்பிதான். அதனால்தான் குழி வெட்டி, பைப் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும், உப்பு அந்த ஈரத்தில் கரைந்து அயனியாகி மின்சாரத்துக்கு வழி விடும். கோடையில் எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது மூட நம்பிக்கை அல்ல, மின்வேதியியல்.

இன்னொரு வகை ஹம்மும் உண்டு. இரண்டு கருவிகள் இரண்டு வழியாக எர்த்தைத் தொட்டால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சின்ன மின்னழுத்த வித்தியாசம் ஆடியோ கம்பி வழியாக ஓடும். அதற்கு மருந்து எல்லாவற்றையும் ஒரே ஸ்விட்ச் போர்டில் சொருகுவது. சிலர் பிளக்கின் மூன்றாவது ஊசியை வெட்டிவிட்டு ஹம் போய்விட்டது என்று மகிழ்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹம் போகும், கூடவே உயிர்க் காப்பும் போகும். அன்றைக்கு நான் செய்தது அதைவிட எளிது. சார்ஜரைப் பிடுங்கினேன். லேப்டாப் பேட்டரியில் ஓடியது. உறுமல் நின்றது. எர்த் குழி அடுத்த வாரம் வெட்டினோம்.

உறுமல் நின்றதும் அறை கேட்க ஆரம்பித்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி, நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே தளம். பெரியம்மா ஒரு தாலாட்டை எடுத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வால். ஒரு சுரத்தில் மட்டும் அறையே கூடப் பாடியது. அதற்கும் கணக்கு உண்டு. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே அலை போய் வர வாகான அதிர்வு 57, பிறகு அதன் மடங்குகள்: 114, 171, 228. பெரியம்மாவின் சுருதி அந்த 228-ஐ ஒட்டித் தொட்டுத் தொட்டுப் போனது.

1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய ஃபாக் விரிவுரை மண்டபத்தில் பேச்சே புரியவில்லை என்று வாலஸ் சபின் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பை விட்டார்கள். சொன்ன சொல் அங்கே ஐந்து வினாடிக்கு மேல் உயிரோடு இருந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து நாடக அரங்கின் நாற்காலி மெத்தைகளை உதவியாளர்களோடு தூக்கி வந்து அடுக்கினார், அளந்தார், விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். இப்படிப் பல நாள். எத்தனை மெத்தைக்கு எத்தனை எதிரொலி குறைகிறது என்ற அந்தக் கணக்கிலிருந்துதான் அரங்க ஒலியியலே பிறந்தது. ஒலியை உறிஞ்சுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு அழகானது: திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது.

நானும் சபின் ஆனேன். இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சுவரில் சாய்த்தேன். மூலையில் கேழ்வரகு மூட்டைகளை அடுக்கினேன். கொடியில் கம்பளி தொங்கியது. மைக்கை ஒரு சாண் கிட்டே கொண்டுவந்தேன். தூரம் பாதியானால் நேரே வரும் குரல் அழுத்தத்தில் இரட்டிப்பாகும், அறையின் ஒலி அப்படியே இருக்கும். எல்லா மெத்தையையும்விட மலிவான வைத்தியம் இதுதான்.

ஹெட்போனை அவர் காதில் மாட்டியதும் வேறு தொல்லை. “யாரோ எனக்குப் பின்னாடி ஒத்துப் பாடறாங்க” என்று கழற்றிவிட்டார். அவர் சொன்னது இயற்பியல்படி சரி. கணினி எண்களைக் கொத்துக் கொத்தாக வாங்கிக் கொத்துக் கொத்தாகத் திருப்பித் தருகிறது. கொத்துக்கு 1,024 எண் என்றால் 21 மில்லி வினாடித் தாமதம். அந்த நேரத்தில் ஒலி காற்றில் 24 அடி போய்விடும். போக ஒரு கொத்து, வர ஒரு கொத்து. அதை 256 ஆகக் குறைத்தால் ஆறடி. கூத்தில் பின்பாட்டுக்காரர் நிற்கும் தூரம், அது யாரையும் குழப்பாது. இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட்’ என்று ஒரு ஸ்விட்சும் உண்டு. குரல் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே அதை நேரே காதுக்கும் திருப்பிவிடும். அதைப் போட்டேன். அவர் ஹெட்போனையே வேண்டாம் என்றார்.

தாலாட்டு நாலு வந்தது. பிறகு ஒப்பாரி கேட்டேன். பெரியம்மா முகம் மாறிவிட்டது. “வெளக்கு வைக்கிற ஊட்டுக்குள்ள ஒப்பாரியா? யாரு செத்தாங்க இங்க?” எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார். வீட்டுக்குள்தான் ஆகாது, தோப்புக்குப் போனால் பரவாயில்லை.

கயிற்றுக் கட்டிலை மாமரத்தடியில் போட்டோம். லேப்டாப் பேட்டரியில். சுவர் இல்லை, தளம் இல்லை, வயரிங் இல்லை. நாலு பக்கமும் சபினின் திறந்த ஜன்னல். மூன்று மணி நேரம் மெத்தை தூக்கியும் கிடைக்காத சுத்தம் ஒரு சாங்கியத்தால் கிடைத்தது. காற்று மட்டும் மைக்கில் மோதிப் புர்ர் என்றது. மைக்குக்குப் பழைய கம்பளித் துண்டைச் சுற்றியதும் அடங்கியது.

பேச்சுக் குரலுக்கு கெயினை வைத்திருந்தேன். அவர் இரண்டாவது வரியில் செத்துப்போன பெரியப்பாவின் பெயரை எடுத்தார். குரல் சட்டென்று ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. 24 பிட் கருவி ஒவ்வோர் அளவையும் 1,67,77,216 படிகளில் ஒன்றாக எழுதும். மேல் படியைத் தாண்டிய எதுவும் அதே மேல் படியாகவே எழுதப்படும். அலையின் தலை வெட்டுப்பட்டு மொட்டையாகும். பின்னால் எந்த மென்பொருளாலும் அது எப்படி இருந்தது என்று அறிய முடியாது, ஊகிக்கத்தான் முடியும். பேச்சுக்கும் கதறலுக்கும் அழுத்தத்தில் இருபது மடங்கு வித்தியாசம் சாதாரணம். படிகள் இவ்வளவு இருப்பதால் கெயினைத் தாழ்த்தி வைத்தாலும் நஷ்டம் கிடையாது. இதெல்லாம் தெரிந்தும் அந்த இரண்டாவது வரியை நான் இழந்தேன். இன்னொரு தடவை பாடச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை. கெயினைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பாடியது 11 நிமிடம். நொடிக்கு 1,44,000 பைட் வீதம் 95 மெகாபைட். ஊருக்குத் திரும்பிப் பார்த்தபோது கோப்பின் பெயர் ‘ஆடியோ 07’ என்று இருந்தது. அதில் பாடியவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. கவ்ஹர் ஜான் தன் பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவைத்தார். மெழுகுத் தட்டு கப்பலில் ஜெர்மனி போய்ச் சேர்ந்ததும், அச்சிடுகிறவர்களுக்கு இது யாருடைய குரல் என்று தெரிய வேண்டுமே. நீங்கள் பதிவு செய்ய உட்காரும்போது கெயினைப் பேச்சுக்கு வைக்காதீர்கள், அழுகைக்கு வையுங்கள். முதல் பாட்டுக்கு முன்னால் பாடுகிறவர் பெயரையும் ஊரையும் தேதியையும் மைக்கில் சொல்லிவிடுங்கள்.